மேல்மெலிசாவில் யாரும் இல்லை

பாதையில் தடைக்கம்பி போட்ட மறுநாளே பால் திரிந்துவிட்டது என்று கீழ் ஊரில் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். மூன்றாம் நாள்தான் திரிந்தது. முதல் இரண்டு நாளும் தியாமந்தோ தன் முதுகைக் கொடுத்து அதைக் காப்பாற்றினாள்.

நூற்றுப் பத்து வெள்ளாடுகள். விடிவதற்குள் கறந்தால் ஆறு கேன் பால். முன்பெல்லாம் கேன்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, மண்பாதையில் ஐந்து கிலோமீட்டர் இறங்கி, தார்ச்சாலை முக்கில் எட்டு மணிக்கு வரும் பால் லாரியில் ஊற்றுவாள். லாரிக்கார லூக்காஸோடு ஒரு சிகரெட் நேரம் ஊர்வம்பு பேசிவிட்டுத் திரும்புவாள். இப்போது பாதி வழியில், புனித எலியாஸ் சிற்றாலயத்துக்குப் பக்கத்தில், சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் பாதையை மறித்துக் கிடக்கிறது. அதில் ஒரு பூட்டு. இந்த மலையில் எந்த வீட்டுக்கும் அவ்வளவு பெரிய பூட்டு கிடையாது.

பிக்கப் கம்பிக்கு மேல்புறம் சிக்கிக்கொண்டது. அதனால் கம்பிவரை வண்டியில் வந்து, கேன்களைக் குழாய்க்கு அடியில் உருட்டி, அந்தப் பக்கம் கட்டிப்போட்ட கழுதையின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றி, இரண்டு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போக வேண்டும். ஒரு நடைக்கு இரண்டு கேன். மூன்று நடை. கணவன் ஸ்தாதிஸுக்கு இடுப்பு போன வருடமே போய்விட்டது. அவன் கம்பியருகே உட்கார்ந்து, மிச்சக் கேன்கள்மேல் ஈரச் சாக்கைப் போட்டு நிழல் பார்த்துக்கொண்டிருப்பான். அதுவும் வேலைதான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

மூன்றாம் நாள், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்துப் புதன்கிழமை, தெற்குக் காற்று கிளம்பியது. ஆப்பிரிக்காவிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்றில் காலை ஏழு மணிக்கே கழுத்து வேர்த்தது. கடைசி நடையின் கேன்கள் முக்குக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பதாகிவிட்டது. லூக்காஸ் நல்லவன், காத்திருந்தான். சோதனைக் குழாயில் கொஞ்சம் பால் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, நிறத்தைப் பார்த்தான். அப்புறம் தியாமந்தோவைப் பார்க்காமல் கழுதையைப் பார்த்தான்.

"இந்த ரெண்டு கேனும் வேணாம் தியாமந்தோ. இதை ஊத்துனா டேங்க் மொத்தமும் போயிரும், என் வேலையும் போயிரும்."

"நாளைக்குச் சீக்கிரம் வந்துருவேன்."

"கழுதைக்கு றெக்கை முளைச்சாத்தான். பண்டிகை முடிஞ்சு ஒரு வாரம் பாப்பேன். அப்பவும் இப்படின்னா கம்பெனியில பேரை அடிச்சிருவாங்க. நான் அடிக்கலை, அவங்க அடிப்பாங்க."

இரண்டு கேன் பாலையும் அவள் சாலையோரப் பள்ளத்தில் ஊற்றினாள். நாற்பது நாளாக நோன்பு. வீட்டில் பாலுமில்லை, பாலாடைக்கட்டியுமில்லை, பீன்ஸும் காட்டுக்கீரையும் ஆலிவும்தான். வாயில் ஒரு சொட்டு படாத பால் புல்லில் வெள்ளையாக ஓடியது. பெயரை அடித்துவிட்டால் ஆடுகளை விற்க வேண்டும். ஆடுகளை விற்றால் மேலே இருக்க ஒரு காரணமும் இல்லை. ஏழு தலைமுறையாக அந்த வீட்டில் புகை நின்றதில்லை.

இதில் அவளை அறுத்தது வேறொன்று. கம்பி வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

மேல்மெலிசாவுக்கு மேலே பள்ளத்தாக்கின் இரு பக்கமும் செங்காவிச் சுவர்போல பாறை நிற்கிறது. ஆடுகளும் கழுகுகளும் தவிர யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பத்து வருடத்துக்கு முன் கயிறும் கொக்கியுமாக வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். முதலில் நாலு பேர். கும்பிட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள், பாலாடைக்கட்டி வாங்கினார்கள். பிறகு ஏதோ புத்தகத்தில் பாறையின் படம் வந்தது. அதற்குப் பிறகு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முப்பது, நாற்பது வேன்கள். நெல்லடிக்கும் களம்போல இங்கே கோதுமை அடித்த வட்டக் களத்தில் படுத்தார்கள், பாதையை அடைத்து நிறுத்தினார்கள், நாய்களை அவிழ்த்து விட்டார்கள். புதர்தோறும் அவர்கள் துடைத்துப் போட்ட ஈரத்தாள். காகிதமென்றால் மழையில் கரையும். இது கரையாது. போன அக்டோபரில் சாம்பல்நிறத் தலைப்பெட்டை, மந்தையை நடத்திப் போகும் ஆடு, வயிறு உப்பிச் செத்தது. ஸ்தாதிஸ் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு கைப்பிடி ஈரத்தாள், கயிறுபோல முறுக்கிக்கொண்டு கிடந்தது. வாசனைத் தைலத்தின் மணம்கூடப் போகவில்லை.

அன்றைக்கே தியாமந்தோ பள்ளிக்கூடத்து எழுத்தில் இரண்டு பக்கம் எழுதி, கீழ்மெலிசா ஊராட்சி மன்றத்தில் கொடுத்தாள். வேன்களை எலியாஸ் ஆலயத்தோடு நிறுத்துங்கள், மேலே நடந்து வரட்டும் என்று எழுதினாள். ஊராட்சித் தலைவர் பனாகோஸ் அதை வாங்கி, கும்பாரா எழுதினால் அது சட்டம் மாதிரி என்றார். அவர் அவர்களுடைய கல்யாணத்தில் தலைமேல் மணமுடி மாற்றியவர். கும்பாரோஸ் என்றால் இரத்த உறவுக்கு ஒரு படி மேல்; கூப்பிடும்போது ஆணைக் கும்பாரே, பெண்ணைக் கும்பாரா. முப்பது வருடமாக ஈஸ்டருக்கு மந்தையின் முதல்தரக் குட்டி அவர் வீட்டுக்குப் போகிறது. வீட்டுக்காரர்கள் குடலை நறுக்கிச் சூப்பு வைத்துக்கொண்டு, ஏதாவது கிழட்டு ஆட்டை மென்றுகொண்டு இருந்துவிடுவார்கள்.

சட்டமும் வந்தது. கம்பிக்குப் பக்கத்தில் பச்சைப் பலகையில் எழுதியிருந்தார்கள்: ஆள் குடியிருப்பு இல்லாத இயற்கைப் பகுதி, வாகனங்களுக்குத் தடை. நிரந்தரமாக வசிப்போரின் வாகனமும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வாகனமும் நீங்கலாக.

நிறுவனம் என்பது பனாகோஸின் மருமகன் ஆரிஸ். பாறை ஏறுகிறவர்களை மினிபஸ்ஸில் ஏற்றிப்போய் இறக்குகிற தொழில். காலையில் தியாமந்தோ கழுதையோடு வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள், மினிபஸ் வரும், ஆரிஸ் இறங்கிச் சாவி போட்டுக் கம்பியைத் தூக்குவான், வண்டி போகும், கம்பி விழும். உள்ளே இருப்பவர்கள் கழுதையைப் படமெடுப்பார்கள். முதல் நாள் அவள் கேட்டாள், கம்பியைக் கொஞ்சம் பிடித்துக்கொள், என் வண்டியும் வந்துவிடட்டும் என்று. ஆரிஸ் கைகளை விரித்தான். வசிப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு உண்டு தெய்யா, வாங்கி வையுங்கள் என்றான். தெய்யா என்றால் அத்தை. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

சீட்டு வாங்க ஊராட்சிக்குப் போனாள். குமாஸ்தாப் பெண் கணினியைத் தட்டிப் பார்த்து, மேல்மெலிசாவில் வசிப்பவர்கள் பூஜ்யம் என்றாள்.

அந்தப் பூஜ்யத்தைப் போட்டதும் அவர்களேதான். மூன்று வருடத்துக்கு முன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, பனாகோஸ் ஐந்து லிட்டர் ஒயினோடு மேலே வந்தார். கீழ்மெலிசாவில் தலை குறைந்தால் மருத்துவரை எடுத்துவிடுவார்கள், கணக்குக்கு இரண்டே இரண்டு தலைதான் குறைகிறது கும்பாரே, அன்றைக்கு ஒரு நாள் என் வீட்டில் இருப்பதாக எழுதிக் கொடுங்கள் என்றார். இந்த நாட்டில் இது புதிதல்ல. கணக்கெடுப்பு என்றால் ஏதென்ஸிலிருந்து பஸ் வைத்துப் பிறந்த ஊருக்கு வந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நாம். ஆனால் மேலே இருந்து கீழே தலையைக் கொடுத்தவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். படிவத்தை நிரப்பியது தியாமந்தோ. கையெழுத்து அழகாக இருக்கும் என்று அவளிடம் கொடுத்தார்கள். அந்த அழகான கையெழுத்தை நினைத்தால் அவளுக்குத் தன் விரலைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது.

ஸ்தாதிஸுக்கு இதெல்லாம் கோபமே வரவில்லை. கும்பாரோஸ் பார்த்துக்கொள்வார் என்றான். புதன்கிழமையும் சொன்னான். பால் பள்ளத்தில் ஓடிய கதையைக் கேட்டபிறகும் சொன்னான்.

வியாழக்கிழமை வெளிச்சம் வரும் நேரம், அவள் பட்டியில் கடைசி ஆடுகளைக் கறந்துகொண்டிருந்தபோது யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. வனத்துறையின் புதுக் காவலர், நகரத்துப் பிள்ளை, மூக்குக்கண்ணாடி. எலியாஸ் ஆலயத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறான், வாகனத் தடையை அவனாவது மதித்தான். காலை வணக்கம் சொல்லிவிட்டு வேலியோரம் நின்றான். அவள் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். பிறகு வாசலில் நின்ற பிக்கப்பைச் சுற்றி வந்து, நம்பரை எழுதி, அவள் பேரைக் கேட்டு எழுதி, எதையெதையோ எழுதி, ஒரு தாளைக் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு, நல்ல உயிர்த்தெழுதல் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அபராதம்.

அன்று முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடும் நாள். வெங்காயத்தோலும் சாயமும் கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தியாமந்தோ அந்தத் தாளைப் படித்தாள். ஒருமுறை வேகமாக, இரண்டாம் முறை விரலை வைத்து. பிறகு அதை நாலாக மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்தாதிஸ் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, பையன் நல்ல பையன், கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறான் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் பனாகோஸ் வந்தார். கம்பியைத் திறந்து காரிலேயே வந்தார். அவருக்கான ஈஸ்டர் குட்டி குளிர்ந்த கல் சரக்கறையின் விட்டத்தில் தொங்கியது. ஸ்தாதிஸ் காலையிலேயே, இடுப்பு வலியோடு, அறுத்து உரித்துச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தான். தியாமந்தோ அதைப் பார்த்தாள். ஆடு ஆட்டுக்காரனுடையது, அவன் கும்பிடுவதும் அவன் பாடு என்று இருந்தாள்.

பனாகோஸ் நாற்காலியை முற்றத்தில் போட்டு உட்கார்ந்தார். நோன்பு என்பதால் காபியும் ஆலிவும் வைத்தாள். காற்று, மழை, மருமகனின் தொழில், ஸ்தாதிஸின் இடுப்பு எல்லாம் பேசினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்களுக்கு. யார்கிட்டயும் காட்ட வேணாம். போகும்போது தொறங்க, வந்ததும் பூட்டுங்க. ஆரிஸோட சாவிதான், அவனுக்கு வேற இருக்கு."

ஸ்தாதிஸ் முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி பெண்டாட்டியைப் பார்த்தான். சாவியை எடுக்கக் கை நீண்டது.

"அதை வையி ஸ்தாதிஸ்," என்றாள் அவள். "கும்பாரே, எங்களுக்கு எதுக்குங்க ஆரிஸ் சாவி? பலகையில வசிக்கறவங்களுக்கு உண்டுன்னு போட்டிருக்கு. எங்க பேருல ஒரு சீட்டுக் கொடுங்க."

"அது ஒரு பெரிய வேலை கும்பாரா. சீட்டு கொடுத்தா இங்க ஆள் இருக்குன்னு ஆகும். ஆள் இருந்தா அன்னைக்குக் கணக்கு தப்புன்னு ஆகும். டாக்டர் போயிருவாரு. உன் புருஷன் இடுப்புக்கு யாரு ஊசி போடுறது? ஊரே உங்களைத்தான் கை காட்டும்."

இது உண்மைதான். அது உண்மை என்பதுதான் அவளுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. பொய் சொல்கிற மனிதன் என்றால் காபியை முகத்தில் ஊற்றிவிட்டுப் போகலாம். இவர் நிஜமாகவே மருத்துவரைக் காப்பாற்றினார். அதோடு மருமகனுக்கு ஒரு மலையையும் வாங்கிக் கொடுத்துவிட்டார், அதுவும் இவள் தலையைக் கொடுத்து.

"டாக்டரும் இருக்கட்டும்," என்றாள். "டாக்டருக்காக ஆளே இல்லாத ஊருன்னு எழுதினீங்க. சரி. அதே ஊருக்கு இயற்கைப் பகுதின்னு சர்க்கார்ல பணம் வாங்கிக் கம்பி நட்டீங்களே, அது எந்த நோயாளிக்கு?"

பனாகோஸ் காபிக் கோப்பையை எடுத்தார். காபியின் அடிமண்டியைக் கலக்கிக்கொண்டே, வந்த வேலைக்கு வந்தார்.

"அந்த வனத்துறைப் பையன் ஏதோ தாளைச் செருகிட்டுப் போனானாமே. புதுசு, வெவரம் தெரியாது. அதை என்கிட்ட குடு. நான் கிழிச்சுப் போட்டுர்றேன், ஒரு பைசா கட்ட வேண்டாம்."

ஸ்தாதிஸ் உடனே, குடுத்துரு தியாமந்தோ, கும்பாரோஸ் இவ்வளவு தூரம் வந்திருக்கார் என்றான். கூடவே எழுந்து சரக்கறைக்குப் போய்க் குட்டியை விட்டத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வெள்ளைத் துணியில் சுற்றி, நொண்டி நொண்டி, காரை நோக்கி. அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. முப்பது வருடம் அவனோடு படுத்து எழுந்தவளுக்கு அந்த இரண்டும் சேர்ந்து வருவது புதிதில்லை.

அவள் மேலங்கிக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். கொடுக்கவில்லை, வாசித்தாள்.

"வாகனம் நின்ற இடம்: மேல்மெலிசா, குடியிருப்பு வீட்டின் முற்றம். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. வீட்டில் இரண்டு பேர் நிரந்தரமாக வசிக்கின்றனர். வாகனத்தின் உரிமையாளரான பெண் பால் கறந்துகொண்டிருந்தார், எனக்குத் தண்ணீர் கொடுத்தார்." தாளை மடித்தாள். "மூணு வருஷத்துல எங்களை ஆளுன்னு எழுதின ஒரே காயிதம் இதுதான் கும்பாரே. இதைக் கிழிக்கவா தர்றது? நான் கட்டப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? அபராதத்தை யாராவது கெஞ்சிக் கட்டுவாங்களா?"

"கட்டுனா ரசீது தருவாங்கல்ல."

அவர் எழுந்தார். முகம் அவருடைய ஒயின் நிறத்துக்கு வந்துவிட்டது. இதுவரை வராத கடுமை குரலில் வந்தது. கல்யாணத்தில் முடி மாற்றியது இதற்குத்தானா என்று கேட்டார். தியாமந்தோ காருக்குப் போய், பின்சீட்டில் ஸ்தாதிஸ் வைத்திருந்த குட்டியைத் துணியோடு தூக்கி, தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இங்கதான் யாருமே இல்லையே கும்பாரே. ஆள் இல்லாத ஊர்ல ஆடு ஏது?"

மேசைமேல் இருந்த சாவியை அவரே எடுத்துக்கொண்டு போனார். அன்று பாதிரியார் கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று கூவும் நேரத்துக்கு அவர்கள் கீழே ஆலயத்துக்குப் போகவில்லை. ஸ்தாதிஸ் மூன்று நாள் பேசவில்லை. பண்டிகைக்கு இரண்டு நாள் பால் லாரியும் கிடையாது. தியாமந்தோ பெரிய கொப்பரையில் பாலைக் காய்ச்சி, உறைய வைத்து, பாலாடைக்கட்டி பிழிந்தாள். விற்க முடியாத கட்டி, ஆனாலும் பள்ளத்தில் ஊற்றுவதைவிட மேல்.

செவ்வாய்க்கிழமை லூக்காஸின் லாரியில் ஏறி, அபராதம் கட்டப் பட்டணத்து வரி அலுவலகத்துக்குப் போனாள். கறுப்புப் பாவாடை, கல்யாணத்து மேல்சட்டை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் தாளை வாங்கிக் கணினியில் தட்டினான். நிரந்தர முகவரி கேட்டான். மேல்மெலிசா என்றாள்.

"அது எடுக்க மாட்டேங்குது அம்மா. அப்படி ஒரு ஊர்ல யாரும் இல்லைன்னு காட்டுது. கீழ்மெலிசான்னு போடட்டுமா?"

"வேணாம். யாரும் இல்லாத ஊர்ல யாருக்கு அபராதம் போட்டீங்க?"

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரத்து செய்துவிடலாமா என்று கேட்டான். அதற்கும் வேண்டாம் என்றாள், காவலர் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார், அவர் பொய் சொன்னார் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் போகிறேன் என்றாள். அவன் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தான். நரைத்த பெண்மணி. அவள் தாளை முழுதும் படித்தாள், தண்ணீர் கொடுத்தார் என்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். வனத்துறைக்குப் போன் பேசினாள். தியாமந்தோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கறவை சாயங்காலம்தான், அதுவரை நேரம் இருந்தது.

கடைசியில் பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தார்கள், தூசி தட்டினார்கள். கார்பன் வைத்துக் கையால் எழுதினாள் அந்தப் பெண்மணி. பெயர், தகப்பன் பெயர், வசிக்கும் இடம் மேல்மெலிசா. முத்திரையை இரண்டு தரம் குத்தினாள். இதைக் கொண்டுபோய் வனத்துறையில் காட்டினால், ஊராட்சி கொடுக்காவிட்டாலும், வாகனச் சீட்டு ஐந்து நாளில் வரும் என்றாள். சொந்த வீட்டில் இருப்பதற்கு அபராதம் கட்டி ரசீது வாங்கியவள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான் என்றும் சொன்னாள்.

திரும்பும்போது எலியாஸ் ஆலயத்தருகே மினிபஸ் கம்பியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தியாமந்தோ ஒதுங்கவில்லை. பாதை நடுவிலேயே நடந்தாள், ஆரிஸ்தான் வண்டியை ஓரங்கட்டினான். கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லி ஊராட்சிக்குப் போன் வந்துவிட்டது, டாக்டரை எடுக்கப் போகிறார்களாம் தெய்யா என்று ஜன்னல் வழியாகச் சொன்னான். அவள் தலையசைத்தாள். அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, குத்தட்டும் என்று நடந்தாள்.

வீட்டில் ஸ்தாதிஸ் அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். ரசீதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தான். பிறகு மூன்று நாளில் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"கும்பாரோஸோட குட்டி இன்னும் உள்ளதான் தொங்குது. என்ன பண்றது?"

தியாமந்தோ மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கத்தியை எடுத்துக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"இந்த வீட்ல ரெண்டு பேர் இருக்காங்க ஸ்தாதிஸ். ரெண்டு தட்டை எடு."